தண்ணீர்த்தொட்டிப் பக்கமிருந்து மூன்றாவது ஆள்

ஆடுகிறவன் தன்னை எப்படிக் காட்டிக்கொள்ள நினைக்கிறான், உண்மையில் எப்படித் தெரிகிறான் என்ற இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்கிறவன் உருமி அடிக்கிறவன். கடல் தாண்டி வந்த இந்த ரெங்கம் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் இருபத்தைந்து வருஷமாக அடிக்கிறேன். தோளில் வார் அறுத்த தழும்போடு இதைப் படிக்கிற மேளக்காரர்களுக்கு என் பாடு புரியும்.

இங்கே கப்பலேறி வந்தவனின் குலம் கோத்திரத்தை யாரிடம் விசாரிப்பது? அதனால் பெண் வீட்டார் ஒயிலாட்டம் பார்க்க வருவார்கள். மாப்பிள்ளை வீட்டார் கும்மி பார்க்க வருவார்கள். கீழே உள்ளவற்றில் முதல் இரண்டும் நான் கண்டவை. மூன்றாவது என் மனைவி சொன்னது. அது நிஜம்தானா என்று எனக்குப் பல வருஷமாகச் சந்தேகம்.

முன்னால் குதித்தவன்

சடையன் என்று ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவன் ஒருவன். பெண்கள் உட்கார்ந்திருக்கும் பக்கம் வரும்போது அடியை வேகமாக்கச் சொல்லி முன்னாடியே கேட்டுக்கொண்டான். காரணம், மூன்றாம் லயத்து வரிசைவீட்டுப் பொன்னி. நானும் வேகமாக்கினேன். அவன் வரிசையை விட்டு வெளியே வந்து, தலைத்துணி அவிழ்ந்து விழும்வரை குதித்தான். பின்னால் எட்டுப் பேரும் அடி தவறித் தடுமாறினார்கள்.

மறுநாள் பால் கொட்டகையில் பொன்னியைப் பார்த்து, அவனுக்காக நானே கேட்டேன், ஆட்டம் எப்படி என்று.

"நல்லாத்தாண்ணே இருந்திருக்கும். ஒருத்தரு முன்னால நின்னு குதிச்சுக்கிட்டே இருந்தாரு, ஆட்டத்தைத்தான் பாக்க முடியல."

கும்மி பார்க்க வந்த மாமியார்

யோங் பெங் ஊரிலிருந்து ஓர் அம்மாள் மகனுக்குப் பெண் தேடி எங்கள் தோட்டத்துப் பொங்கலுக்கு வந்தார். என் பக்கத்திலேயே பாய் போட்டு உட்கார்ந்துகொண்டு, பச்சைச் சேலை கட்டிய பெண்ணைக் காட்டி, "எப்படிய்யா?" என்றார். நான் அவளைத்தான் கவனித்துக்கொண்டிருந்தேன். பாட்டு தடுமாறியபோது, தன் கைத்தட்டாலேயே மொத்த வட்டத்தையும் இழுத்துப் பிடித்தவள் அவள். குடும்பத்தைக் கட்டி நிறுத்துவாள், தைரியமாக எடுங்கள் என்றேன். அம்மாள் வெற்றிலையை மென்றபடி வெகுநேரம் பார்த்தார்.

"நீங்க சொல்றது சரிதான்யா. ஆனா தட்டு ரொம்பப் பலமாவுல்ல இருக்கு. எம்மவன் கன்னம் தாங்காதே."

மூன்றாவது ஆள்

நான் உருமிக்கு வருமுன் ஒயிலாட்டக்காரன். அஞ்சலையைக் கேட்டு அவள் அப்பாவிடம் இரண்டு பேர் ஆள் அனுப்பியிருந்தோம்: நானும், என் கூட்டாளி முத்தையாவும். ஆட்டத்தைப் பார்த்து நீயே சொல்லு என்று அப்பா அவளிடம் சொல்லிவிட்டார். ஆடுகளத்தின் ஒரு பக்கம் தண்ணீர்த்தொட்டி. ஒன்பது பேர் வரிசையில் நான் ஒரு கோடியிலிருந்து மூன்றாவது, முத்தையா மறுகோடியிலிருந்து மூன்றாவது. எல்லாருக்கும் ஒரே சிவப்புத் தலைத்துணி. அன்று தூறல் வேறு.

ஆட்டத்துக்கு நடுவில், எங்கள் வரிசையில் ஆடிய சின்னக்கண்ணு அண்ணன் சேற்றில் வழுக்கி விழுந்தார். வயதானவர். ஓர் ஆள் ஆட்டத்தை நிறுத்தாமலே அவரைத் தூக்கிவிட்டு, அப்புறம் தன் கால்வீச்சைக் குறைத்து அவர் காலுக்குத் தக்கபடி ஆடினானாம். ஆளின் பேர் தெரியாததால் அஞ்சலை அப்பாவிடம், "தண்ணித்தொட்டிப் பக்கமிருந்து மூணாவது ஆளு" என்றாளாம். அப்பா எண்ணிப் பார்த்தார், என்னிடம் வந்தார்.

இப்படித்தான் அவள் சொல்வாள். எனக்கோ யாரையும் தூக்கிய ஞாபகமில்லை. சின்னக்கண்ணு அண்ணன் நிற்பது எப்போதும் முத்தையா பக்கத்தில். ஒயிலாட்ட வரிசை ஒரு சுற்று வந்து நின்றால் தலைமாறிப்போகும். தொட்டிப் பக்கம் இருந்தவன் மறுகோடிக்குப் போய்விடுவான். அவள் அப்பா எண்ணியது எந்தச் சுற்றிலோ!

முத்தையாவிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ரப்பர் விலை விழுந்த வருஷம் அவன் ஊருக்குக் கப்பலேறிவிட்டான். கல்யாணம் ஆனதும் நான் ஆட்டத்தை விட்டதற்கு முழங்கால் வலி என்று சொல்லிக்கொண்டேன். என் காலை அவள் இன்னொரு தடவை பார்த்துவிடக்கூடாது என்பதுதான் நிஜம். இப்போதும் யாராவது வழுக்கி விழுந்தால் முதலில் ஓடுகிறவன் நான். அது என் குணமா, முத்தையாவுடையதை நான் பழகிக்கொண்டதா, தெரியவில்லை.

போன மாதம் மருமகளிடமும் அஞ்சலை இதே கதையைச் சொன்னாள். மருமகள் உள்ளே போனதும், வாசலில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தவள் பக்கத்தில் போய் நின்றேன். ஊரார் கால்களைப் பார்த்தெல்லாம் குணம் சொன்னவன், தன் காலைப் பற்றிக் கேட்க இருபத்தைந்து வருஷம் எடுத்துக்கொண்டேன்.

"அஞ்சலை, பரிசத்தன்னைக்கு என் மூஞ்சியப் பாத்ததுமே ஆளு மாறிப்போச்சுன்னு உனக்குத் தெரிஞ்சிருக்கும்ல? ஏன் புள்ள வாயத் தொறக்கல?"