வட்டுக்கு வைத்த சந்தனம்

போன ஆயுத பூஜையன்று மகளின் அலுவலகத்தில் யாரோ அவளுடைய மடிக்கணினி மேல் சந்தனம் வைக்கப் போனார்கள். "வைக்காதீங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் கிண்ணமே கீழே விழுந்தது. எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும், அவர்களுக்கு என்ன தெரியும்!

நாடு சுதந்திரமடைந்த மெர்டேக்கா வருஷத்துக் குழந்தை நான். எண்பதுகளின் தொடக்கத்தில் காஜா பெராங்கில் ஒரு லோரி கம்பெனியில் முதல் வேலை. அங்கிருந்த கணினிக்கு நினைவகம் கொஞ்சூண்டு. நான் எழுதிய நிரலோ பெரியது. அதனால் அதை நாலு துண்டாக வெட்டி ஒரு பிளாப்பி வட்டில் வைத்திருந்தேன். தலைமைத் துண்டு எப்போதும் உள்ளே இருக்கும். மற்றவை கூப்பிட்டால் வரும், வேலை முடிந்ததும் அடுத்ததற்கு இடம் விடும். பெரிய மேதை என்று நினைப்பு. அந்த மேதை வட்டுக்கு ஒரு பிரதிகூட எடுத்து வைக்கவில்லை.

"பூஜை முடிஞ்சதும் நாளைக்கு எந்த லோரி எங்க போவுதுன்னு இந்தப் பொட்டி அச்சடிச்சுக் காட்டணும். இல்லேன்னா பொட்டியும் போவும், நீயும் போவணும்" என்றிருந்தார் முதலாளி. அப்பா கால் முறிந்து வீட்டில் கிடந்தார். குடும்பமே என் சம்பளத்தில்தான் ஓடியது.

ஆயுத பூஜையன்று லோரிகளுக்கு மாலை, சக்கரத்தடியில் எலுமிச்சை. நிரலை ஓடவிட்டுச் சாமி கும்பிடப் போனேன். அதற்குள் தட்டச்சு செய்கிற லெட்சுமி அக்கா வட்டை உருவிச் சாமி படத்தடியில் வைத்து, அதன் உறையில் கணினி படிப்பதற்காகத் திறந்திருக்கும் இடத்திலேயே ஈரச் சந்தனமும் குங்குமமும் அழகாக வைத்துவிட்டார்!

முதலாளி வந்து அச்சுக்கான எண்ணைத் தட்டினார். அச்சுத் துண்டைத் தேடிக் கரகரவென்று சத்தம். வட்டு இல்லை என்று திரையில் வந்தது.

"அலாமாக்! எல்லாம் உள்ள போயிருச்சுதானேன்னு எடுத்துட்டேன் தங்கச்சி" என்று அக்கா கிசுகிசுத்தார்.

"இன்னொண்ணு வச்சிருப்பியே?" என்றார் முதலாளி. அக்கா என் முகத்தைப் பார்த்தார்.

"தங்கச்சி வச்சிருந்துச்சு முதலாளி. ரெண்டுலயும் நாந்தான் சந்தனத்தப் பூசிட்டேன். ஏசறதுன்னா என்னை ஏசுங்க."

ஏசினார், அத்தனை டிரைவர்கள் முன்னாலும். திரும்ப ஏற்ற எனக்கு ஒரு வாரம் கொடுத்தார். முதலில் கையால் எழுதிப் பார்த்த தாளில் இருந்ததை நான் வாசிக்க வாசிக்க அக்காவே தட்டினார். ஏழாம் நாள் பெட்டி அச்சடித்தது, என் வேலை தப்பியது. அந்தப் பெட்டி ஓடினால் தன் வேலைக்குத்தான் ஆபத்து என்று அவருக்குத் தெரியாதா என்ன!

அப்பாவின் மருந்து, மகளின் படிப்பு, நான் சாப்பிட்ட சோறு எல்லாம் அந்த ஒரு வாரத்தால் கிடைத்ததுதான். இப்போது வட்டுகளே இல்லை. லோரி கொட்டகை இருந்த இடத்தில் தங்கும் விடுதி. இரண்டாவது வட்டு என்று ஒன்று இருந்ததே இல்லை என்பதை முதலாளியிடம் நான் கடைசிவரை சொல்லவில்லை. சொல்ல இன்று அவரும் இல்லை, அக்காவும் இல்லை. உங்களிடம் சொல்லிவிட்டேன்.