என் மனைவிக்குக் கிடைக்காத சீட்டு

நான் எட்டாவதோடு நின்றவன். வடக்கனந்தல் பக்கம் கரும்பு வெட்டி, கட்டு கட்டி, லாரியில் ஏற்றியவன். சுமை ஏற்றத் தெரியும் என்பதால்தான் மெட்ராஸ் விமான நிலையத்தில் லோடர் வேலை கிடைத்தது. கரும்புக் கட்டு போய்ப் பெட்டி வந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்போது நாட்டுக்குள் எங்கே பறக்க வேண்டுமானாலும் எங்கள் கம்பெனிதான். மந்திரியாக இருந்தாலும் எங்கள் விமானத்துக்குக் காத்துக் கிடக்க வேண்டும். பிறகு புதுசு புதுசாகக் கம்பெனிகள் முளைத்தன. எங்களிடம் வயசான விமானங்கள்தான் மிஞ்சின. கடைசியில் எங்களை இன்னொரு பெரிய கம்பெனியோடு சேர்த்தார்கள். இணைப்பு என்றார்கள். மேடை போட்டுக் கேக் வெட்டினார்கள். கொஞ்ச நாளில், விமானத்தின் மேல் இருந்த எங்கள் பெயரை வெள்ளை பெயிண்ட் அடித்து மறைத்தார்கள். அவர்கள் பெயருக்கு ஒன்றும் ஆகவில்லை. இணைப்பு என்றால் இரண்டு பெயரும் இருக்க வேண்டாமா?

எங்கள் பழைய கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. வேலை செய்கிறவன் குடும்பத்தை இலவசப் பாஸில் விமானத்தில் கூட்டிப் போகலாம். சீட்டு காலி இருந்தால்தான் ஏற்றுவார்கள். ஆனால் கவுண்டரில் இருந்தவர்கள் எங்களோடு கேன்டீனில் சாப்பிட்டவர்கள். லோடர் பெண்டாட்டி வந்து நின்றால் எப்படியாவது இடம் பார்த்துக் கொடுப்பார்கள்.

அதுவரை நான் ஒரு தடவைகூடப் பாஸ் கேட்டதில்லை. என் மனைவி ஊரிலேயே இருந்தாள். நடவு, களை, கரும்பு வெட்டு என்று அவளுக்கு ஓய்வே கிடையாது. ஒரு நாள் நடவில் ஒருத்தி அவளைச் சீண்டியிருக்கிறாள்.

"இன்னாடி, உன் புருசன் ஏரோப்பிளேன்ல வேலைன்ற. நீ மட்டும் சேத்துலயே கெடக்கிற?"

"ஏறாமலா பூடுவேன்? கல்ராயன் மலையே எனக்குக் கீழ தெரியும். நீ தெரியிறியான்னு பாக்கறேன் இரு" என்று இவளும் சொல்லிவிட்டாள்.

சொன்ன பிறகு ஏறியே ஆக வேண்டும். நான் ஓய்வு பெறச் சில மாதம்தான் பாக்கி. புதுக் கம்பெனியின் விதிப்படி அதற்கப்புறம் லோடருக்குப் பாஸ் கிடையாது. லீவு போட்டு மதுரைக்குப் பாஸ் எழுதி வாங்கினேன். மகள் கல்யாணத்துக்கு எடுத்த பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு, புளிச்சோறு கட்டிக்கொண்டு வந்தாள்.

கவுண்டரில் இருந்தவன் எங்களைச் சேர்த்துக்கொண்ட கம்பெனியின் ஆள். பாஸைப் பார்த்தான்.

"பழைய கம்பெனி ஆளா? எங்க ஸ்டாஃப் ஏறுன பிறகு பாக்கலாம்."

"இப்ப ஒரே கம்பெனிதானுங்களே தம்பி?"

"கம்பெனி ஒண்ணுதான். சீனியாரிட்டி வேற."

காலை விமானம் போயிற்று. மத்தியான விமானத்தில் இரண்டு இடம் காலி என்றார்கள். நாங்கள் எழுந்து நின்றோம். எங்களுக்கு வெகுநேரம் பின்னால் வந்த இரண்டு வாலிபர்கள் ஏறிப் போனார்கள். புதுக் கம்பெனி அதிகாரியின் மைத்துனர்களாம்.

"யோவ், இவனுங்களுக்கா நீ முதுவ ஒடிச்சிக்கின?" என்றாள்.

சாயங்கால விமானம்தான் கடைசி. அது கிளம்பும் முன்னால் சூப்பர்வைசர் அந்தப் பக்கம் வந்தார். அவரும் புதுக் கம்பெனிதான்.

"நீ லோடர்தானே? ரெண்டு ஆள் வரல. மதுரை பிளேனுக்கு லேட் ஆவுது. வந்து ஏத்து."

"லீவுங்க சார். இவங்கள அதே பிளேன்லதான் கூட்டிக்கினு போறேன்."

"அத அப்பறம் பாக்கலாம்யா. மொதல்ல பொட்டிய ஏத்து."

நான் சட்டைக் கையை மடித்துவிட்டேன். ஏற்றிக் கொடுத்தால் இடம் தருவார் என்று ஓர் ஆசை. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அவரைக் கேட்டாள்.

"ஏன் சார், இவரு ஏத்துனா நான் ஏறலாங்களா?"

"அதெல்லாம் சொல்ல முடியாதும்மா. காலி இருந்தா பாக்கலாம்."

"பொட்டிக்கு மட்டும் காலி கீதா?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அவர் முகம் சிவந்தது.

"யோவ், வர்றியா இல்லியா? நாளைக்கு உனக்கு டூட்டி வேணாமா?"

"உக்காருய்யா நீ" என்றாள்.

உட்கார்ந்தேன். "லீவுல இருக்கேங்க" என்றேன். வாயில் அவ்வளவுதான் வந்தது.

விமானம் லேட்டாகத்தான் போயிற்று. எங்களைக் கூப்பிடவில்லை. பின்னால் ஒரு வரிசை முழுக்கக் காலியாகப் போனதாக, விமானத்துக்கு ஏணி தள்ளுகிறவன் அப்புறம் சொன்னான்.

கோயம்பேட்டில் அவளை ஊருக்குப் போகக் கள்ளக்குறிச்சி பஸ்ஸில் ஏற்றினேன். "கையில காசு வரட்டும். வேற கம்பெனில டிக்கெட் எடுக்கறேன்" என்றேன்.

"வேற எவனுதோ எனக்கு எதுக்கு? உன்னுதுன்னுதான் ஏறலாம்னு பாத்தேன்" என்றாள். பஸ் நகர்ந்துவிட்டது.

மறுநாள் மெமோ கொடுத்தார்கள். மிச்ச நாளெல்லாம் என்னைக் குப்பை வண்டி வேலைக்குப் போட்டார்கள். பழைய கம்பெனி ஆட்களில் யாரும் வாய் திறக்கவில்லை. அவர்களுக்கும் அடுத்த மெமோ பயம்.

நான் ஓய்வு பெறும் நாளில் அதே சூப்பர்வைசர் மாலையோடு வந்தார். போட்டோ எடுக்க ஓர் ஆளும் நின்றான்.

"கொஞ்சம் குனியுங்க" என்றார்.

நான் குனியவில்லை.