தட்டிவிட்டு நின்றவர்

இத்தாலியின் பலெர்மோ நகரில் எங்களுக்கு வீடு காட்ட வந்தவர், லண்டன் கொம்பனி ஒன்றின் வாடகை வீடுகளைப் பார்த்துக்கொள்ளும் யாழ்ப்பாணத்துக்காரர். அண்ணை என்றே அழைத்ததால் பெயர் கேட்கத் தோன்றவில்லை. கொளுத்தும் வெயிலிலும் டை கட்டியிருந்தார். சாவியைக் கையில் வைத்துக்கொண்டே காலி வீட்டின் கதவைத் தட்டினார்.

“ஆளில்லாத வீட்டுக் கதவை ஏன் அண்ணை தட்டுறியள்?”

“கொம்பனிப் பழக்கம், தம்பி. கொம்பனியைத் தொடங்கின மனுசி முதலிலை தன்ரை வீட்டு மேலறையைத்தான் வாடகைக்கு விட்டாவாம். தன்ரை வீடெண்டாலும் தட்டாமல் மேலை போகமாட்டாவாம்.”

நான் சிரித்துவிட்டேன். அதுவரை நாங்கள் இருந்த ஒரேத்தோ தெரு வீட்டின் சொந்தக்காரர் நினைத்தபோதெல்லாம் தன் சாவியால் திறந்துகொண்டு உள்ளே வருவார். சாமி விளக்கைக் கண்டால் சுவர் கரியாகிறது என்று கத்துவார்.

புது வீட்டில் பால் காய்ச்சிய காலையில் யாரோ கதவைத் தட்டினார்கள். மனைவி பழைய பயத்தில் விளக்கை அணைக்க ஓடினாள். ஆனால் சாவி திரும்பும் சத்தம் வரவில்லை. நான் போய்த் திறந்தேன். எங்களுக்கான இரண்டாவது சாவியோடு வாசலுக்கு வெளியே அண்ணை நின்றார்.

“வரலாமோ, தம்பி?”

இந்த ஊரில் அதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. “உள்ளை வாங்கோ அண்ணை” என்று கதவை அகலத் திறந்து வழிவிட்டேன்.