பிட்சுவின் தலையில் மச்சம்

தோல் நோய்ப் பிரிவில் பத்தொன்பது வருடமாக நர்ஸாக இருந்த அவளை ஆஸ்பத்திரியில் எல்லோரும் ‘பூதக்கண்ணாடி’ என்பார்கள். அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

அபூர்வமாகக் கிடைத்த விடுப்பில் கணவரோடு மலைப்பக்கம் போனபோது, பஸ் பழுதாகி ஒரு புத்த மடத்தின் எதிரே நின்றது. வாசலில் பிட்சுகள் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் தலை மழித்துக்கொண்டிருந்தார்கள்.

“படம் எடுக்கலாமா சாமி?”

நடுவயது பிட்சு ஒருவர் சிரித்தார். “எடுங்கம்மா. தலை சீவிட்டு வரேன்னு சொல்ல எங்களுக்கு வழியில்லையே!”

வெயில் அவர் தலையில் விழுந்த அழகில் சொக்கிப்போய் அரைமணி நேரம் எடுத்தாள்.

ஊர் திரும்பியதும் மறுபடி டூட்டி. கேமரா அலமாரியில் பதினோரு வாரம் கிடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை படங்களைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தவள் அப்படியே உறைந்தாள். அந்த பிட்சுவின் இடது காதுக்குப் பின்னால் கரும்புள்ளி. ஓரம் கோணல்மாணல், ஒரு பக்கம் நீலம் பாரித்திருந்தது.

கணவர் எட்டிப் பார்த்தார். “மச்சமா? சாமி மச்சக்காரர்தான்.”

“சிரிக்காதீங்க. இது மச்சம் இல்ல.”

“படத்தைப் பாத்து எப்படிச் சொல்லுவ? ஒண்ணும் இல்லாததுக்கு அவரைப் பயமுறுத்தப் போறியா?”

மறுநாள் படத்தைப் பார்த்த டாக்டர் ஒரே வார்த்தையில் முடித்தார்: “கூட்டிட்டு வாங்க.”

மடத்துக்கு போன் கிடையாது. தனியாகவே பஸ் ஏறினாள். “வருஷக்கணக்கா இருக்கு. கத்தி பட்டா ரத்தம் வரும்” என்றார் பிட்சு. அவருக்குத் தலை மழித்துவிடும் பிட்சு தலைகுனிந்தார். “மச்சம்னுதானே நெனச்சேன்...”

அவள் ஆஸ்பத்திரியிலேயே ஆபரேஷன் நடந்தது. ஆனால் புற்றுநோய் கழுத்து நிணநீர்க் கணுக்களுக்கும் பரவியிருந்தது.

“நீங்க வரலேன்னா தெரிஞ்சே இருக்காது” என்று கட்டிலில் இருந்தபடி அவர் கைகூப்பியபோது, அவளால் தாங்க முடியவில்லை.

“கும்பிடாதீங்க சாமி. அன்னிக்கு பக்கத்துல நின்னும் என் கண்ணுல படல. அப்புறம் பதினோரு வாரம் படத்தைத் தொறந்துகூட பாக்கல. அந்தப் பதினோரு வாரத்துலதான் பரவுச்சோ என்னவோ.”

அவர் கைகள் மெல்ல இறங்கின. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“கோவம் வருதும்மா” என்றார். “இத்தனை வருஷம் தியானத்துல உக்காந்து பழகியும் வருது.”

அவள் கிளம்பத் திரும்பினாள்.

“போகாதீங்க. அது பாட்டுக்கு வரட்டும். கொஞ்ச நேரம் கூட இருங்க.”

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு அவர் உயிரோடு இருந்த ஏழு மாதமும், டூட்டி முடிந்து அந்தக் கட்டிலைப் பார்க்காமல் அவள் வீட்டுக்குப் போனதில்லை. மன்னித்துவிட்டாரா என்று அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.