வெள்ளிப் பெயிண்ட்டுக்கு அடியில் இருந்த இரும்பு

செய்தி பாக்கியத்தின் மகளிடமிருந்து வந்தது. பிரிக்பீல்ட்சில் மருந்துக் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். "அங்கிள், அம்மா காலையில தவறிட்டாங்க" என்று கைப்பேசியில் இருந்தது. வேறு யாருக்கோ அனுப்பியதாக இருக்குமோ என்று மேலே இருந்த பெயரைத் திரும்பவும் பார்த்தேன். பிறகு மருந்து வாங்காமலே வீடு திரும்பினேன்.

கிள்ளானில் நாங்கள் வேலை பார்த்த தொழிற்சாலையை உங்களில் பலர் அறிவீர்கள். துருப் பிடிக்காமலிருக்க இரும்பை உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுப்பதுதான் அங்கே தொழில். நான் ஆய்வகத்தில் இருந்தேன். பாக்கியம் இரும்பை முக்கும் களத்துக்குப் பொறுப்பு. பழைய துத்தநாகப் பூச்சைக் கரைக்கும் அமிலத்தையும், புது இரும்பின் துருவைக் கழுவும் அமிலத்தையும் ஒன்றாகக் கலக்க அவர் விட்டதில்லை. கலந்துவிட்டால் துத்தநாகத்தை மீட்பது கடினம். உருகிய துத்தநாகத்தின் மேல் படியும் சாம்பலையும் அடியில் தங்கும் கசடையும் தனித்தனிப் பீப்பாய்களில் சேர்த்து, உருக்கி மீட்பவர்களுக்கு அனுப்புவார். யாராவது சாம்பலைக் குப்பையோடு கூட்டிவிட்டால், "உங்க வீட்டு சாம்பார்ல பருப்ப வடிச்சுக் கொட்டிருவீங்களாண்ணே?" என்பார்.

ஓய்வுக்குப் பின் தம் வீட்டருகே இருந்த கோயிலின் நிர்வாகக் குழுவில் சேர்ந்தார். திருவிழாக் கூட்டத்தை வரிசைப்படுத்தும் தடுப்புக் கம்பிகள் துருவேறியிருந்தன. பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டுப் புதிது வாங்கலாம் என்றார் தலைவர். அவர் லோரி நிறுவனம் நடத்துபவர். நல்ல இரும்பை எதற்கு உருக்க வேண்டும், மேல்பூச்சுதானே போயிருக்கிறது, மறுபடியும் முக்கினால் போதும் என்று பாக்கியம் வாதாடினார். கருத்துச் சொல்ல என்னை அழைத்திருந்தார்கள்.

"சார், தாங்குமா தாங்காதா?" என்றார் தலைவர்.

கம்பியின் கனம் அதிகம் குறையவில்லை, ஆகவே தாங்கக்கூடும் என்று நினைக்கிறேன் என்றேன். சிலர் சிரித்தார்கள்.

"சார் பயந்து பயந்து சொன்னா அது சரியா இருக்கும். துணிஞ்சு சொன்னாத்தான் நான் பயப்படுவேன்" என்றார் பாக்கியம். சரியாக வராவிட்டால் குழுவிலிருந்தே விலகிவிடுவதாகவும் சொன்னார். வேடிக்கையாகச் சொல்லவில்லை.

குழு ஒப்புக்கொண்டு, முக்கி எடுக்க அனுப்பிய முதல் தவணைக் கம்பிகள் கறுப்புத் திட்டுகளோடு திரும்பி வந்தன.

"கம்பிக்குப் பொட்டு வச்சு அனுப்பிருக்காங்களா அக்கா?" என்றார் தலைவர். பாக்கியம் திரும்பி என்னைப் பார்த்தார்.

ஆண்டுதோறும் கம்பிகளை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். திருவிழாவுக்கு முன் தொண்டர்கள் எல்லாருமாகக் கூடி வெள்ளிப் பெயிண்ட் அடிப்பார்களாம். பாக்கியமும் பிரஷ் பிடித்திருக்கிறார். முக்குவதற்கு முன் கழுவும் அமிலம் பெயிண்டைக் கரைக்காது. அமிலம் தொடாத இடத்தில் துத்தநாகமும் ஒட்டாது. கம்பியில் ஒட்டியிருந்த பெயிண்டும் துத்தநாகமும் ஒரே நிறமாக இருந்ததால் தொழில் தெரிந்த எங்கள் இருவர் கண்ணுக்குமே அது தப்பிவிட்டது.

"புதுசா தெரியட்டும்னு பூசிப் பூசி, நாமளே கெடுத்திருக்கோம் சார்" என்றார்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் மண்டபத்தின் பின்னால் உட்கார்ந்து பெயிண்டைச் சுரண்டினோம். தலைவர் முதலில் வேடிக்கை பார்த்தார். பிறகு ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அவரும் உட்கார்ந்தார். சுரண்டும் சத்தத்துக்கு மேலே குரல் உயர்த்தி, போர்ட் கிள்ளான் மீன் விலையிலிருந்து மருமகனின் குறட்டை வரை பாக்கியம் பேசிக்கொண்டே இருப்பார். இப்போது வீடு அமைதியாக இருக்கும்போதெல்லாம் அந்தப் பேச்சைத்தான் என் காது தேடுகிறது.

இரண்டாம் முறை கம்பிகள் திட்டில்லாமல் வந்தன. பாக்கியம் ஒன்றை உள்ளங்கையால் நீளத் தடவிப் பார்த்தார். "இனிமே நம்மளவிட அதிக நாள் இருக்கும்" என்றார். இரும்பைப் பற்றிய நல்ல செய்தியாக மட்டுமே அன்று அதைக் கேட்டுக்கொண்டேன்.

கருமகாரியத்துக்குப் பிறகு கோயிலுக்குப் போனேன். தலைவர் ஒரு டின்னோடு வந்தார்.

"திருவிழா வருது சார். சும்மா ஒரு கோட்டு சில்வர் அடிச்சிரலாமா?"

"வேண்டாம்" என்றேன்.

‘கூடும்’, ‘நினைக்கிறேன்’ என்று எதையும் சேர்க்கவில்லை. அவரும் காரணம் கேட்கவில்லை. சரியென்று தலையாட்டிவிட்டு டின்னை உள்ளே கொண்டுபோனார்.

இவ்வளவு சுலபமாக முடிந்ததைப் பாக்கியத்திடம் சொல்ல வேண்டும் போலிருந்தது. எது நடந்தாலும் முதலில் அவரிடம் சொல்ல வேண்டும் என்ற அந்த எண்ணம் இன்னும் போகவில்லை. அவருடையதாக என்னிடம் இருப்பது அதுதான். அதைப் போக்கிக்கொள்ள எனக்கும் மனமில்லை.