இருளம்மாள் வீட்டுச் சாவி

இருளம்மாளுக்கு எதைப் பார்த்தாலும் ஏன் என்று கேட்கவேண்டும். எங்கள் தெருவில் மூன்றாம் வீடு. ஐம்பத்தாறு வயது, முப்பது வருடமாகக் கம்பம்மெட்டு ஏறி, கேரளப் பக்கத்து ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிறாள். தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகிற ஜீப்பில் கால் வைக்கும்போதே டிரைவரிடம், மேகம் ஏன் மலைக்கு அந்தப் பக்கமே நிற்கிறது என்று ஆரம்பிப்பாள். என் பெட்டிக்கடையில் பிஸ்கட் வாங்கினால், பாக்கெட் அதே அளவு இருக்கிறது, உள்ளே மட்டும் இரண்டு குறைகிறதே, ஏன் என்பாள். காலை ஐந்து மணிக்கு யாருக்கய்யா பதில் சொல்ல வரும்? எரிச்சலாக இருக்கும். ஆனாலும் அவள் வராத நாளில் கடையே என்னவோ போலிருக்கும்.

தெருவில் பாதி வீடு ஜீப்புக்குப் போகிற வீடு. போனால் பொழுது சாய்ந்துதான் வருவார்கள். தோட்டத்தில் தொலைந்துவிடும் என்று வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். கல்லாவுக்குப் பின்னால் சுவரில் வரிசையாக ஆணி அடித்து வைத்திருக்கிறேன். மூன்றாவது ஆணி இருளம்மாளுடையது.

மார்கழியில் வரைவு வாக்காளர் பட்டியலை ஒட்டினார்கள். அதில் இருளம்மாள் இல்லை. 'நிரந்தரமாகக் குடிபெயர்ந்தவர்கள்' என்று தனியாக ஒரு தாள், அதில் இருந்தாள். ரேஷன் கார்டு மகன் பெயரில், வீடு கொழுந்தன் பெயரில். அவளுக்கென்று அவள் பெயர் நிற்கிற இடம் அந்த ஓட்டு லிஸ்ட் ஒன்றுதான்.

"இங்கனதான கெடக்கேன்? என்னைய யாருண்ணே போகச் சொன்னது?" என்றாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து எழுதினால் இப்படித்தான் என்று ஆபீஸ்காரர்களை வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவள் ஏசவில்லை, யோசித்தாள். ஞாயிற்றுக்கிழமை, வாசித்துச் சொல்ல என்னையும் இழுத்துக்கொண்டு, பட்டியல் நகலோடு வீடு வீடாக ஏறினாள். வீட்டிலேயே தைக்கிற மாரீஸ்வரி பெயர் இருந்தது; பக்கத்து வீட்டு மொக்கம்மாள் பெயர் இல்லை. மாடு வைத்திருக்கிற காமராஜ் வீட்டில் நான்கு பேர் பெயரும் இருந்தது; எதிர்வீட்டுத் தவசி பெயரும் அவன் பெண்டாட்டி பெயரும் இல்லை. தெருக்கோடி வந்ததும் நின்றாள்.

"ஜீப்புக்குப் போறவுக பேரு மட்டும் போயிருக்குண்ணே. பகல்ல வீட்டுல இருக்கவுக பேரு அப்படியே இருக்கு."

எனக்கே ஆச்சரியமாக இருந்தது. இது எப்படி என்று தெரியாமல் எனக்கும் இருப்புக் கொள்ளவில்லை.

மறுநாள் அவள் வேலைக்குப் போகவில்லை. நான் கடையைச் சாத்தினேன். ஓட்டு லிஸ்ட் வேலை பார்ப்பவர் அங்கன்வாடி டீச்சர் யுவராணி. ஊருக்குப் புதிது. நான் போட்ட சத்தத்தில் பயந்துபோய் நோட்டை எடுத்தார். மூன்று தடவை வந்திருக்கிறார், மூன்றும் காலை பதினொரு மணி. மூன்று தடவையும் பூட்டு. விசாரிக்காமல் எழுதவில்லை, தெருக்காரர் ஒருவரிடம் கையெழுத்தும் வாங்கியிருக்கிறேன் என்று தாளைத் திருப்பிக் காட்டினார்.

என் கையெழுத்து.

அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கடையில் சரக்கு இறங்கிக்கொண்டிருந்த நேரம். இந்த வீடுகளில் ஆள் இல்லையா என்று கேட்டார். பூட்டிக் கிடப்பது கண்ணுக்குத் தெரியவில்லையா என்று எரிந்து விழுந்தேன். தாளை நீட்டினார், படித்துப் பார்க்காமல் போட்டுக் கொடுத்தேன். அந்த நேரம் என் தலைக்குப் பின்னால் பதினேழு வீட்டுச் சாவியும் தொங்கிக்கொண்டிருந்தன.

இருளம்மாள் தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஏன் என்று கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

"கெளம்புங்கண்ணே, பேரு சேக்கப் படிவம் வாங்கணும்" என்றாள்.

பதினேழு வீட்டுக்கும் நானே உட்கார்ந்து எழுதினேன். இறுதிப் பட்டியலில் எல்லாப் பெயரும் வந்துவிட்டது. விடிந்தும் விடியாமல் ஜீப் நிற்கிற இடத்துக்கு ஓடி, இருளம்மாள் பெயரை விரல் வைத்து வாசித்துக் காட்டினேன். "நல்லதுண்ணே" என்றாள். பழக்கத்தில் சாவிக்குக் கையை நீட்டினேன். அவள் முந்தானை முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு ஜீப்பில் ஏறினாள். உள்ளே டிரைவரிடம் எதற்கோ ஏன் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.