அப்புறக்கா

“உனக்கு ஏழு வயசுதானே?” என்று ஆறு வயதுப் பெண்ணிடம் கேட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவர்போல் உட்கார்ந்திருந்தார் அக்கா. “இல்ல, ஆறு” என்றாள் குழந்தை. அக்காவின் முகத்தில் அத்தனை சந்தோஷம். பெரியவர்கள் தப்பாகச் சொன்னால் திருத்தலாம் என்று குழந்தைக்குப் புரிந்த பிறகுதான் அவர் மேலே பேசுவார்.

அடிபட்டு மிரண்டு வரும் குழந்தைகளிடம் நடந்ததைக் கேட்டு வழக்குக்காகப் பதிவு செய்வது அவர் வேலை. பக்கத்து அறையில் கேமராவைக் கவனிப்பது என் வேலை. “அவர் அடிச்சாரா?” என்று கேட்கவே மாட்டார். கேட்டால் பாதிக் குழந்தைகள் மரியாதைக்காகவே ஆமாம் சொல்லிவிடுமாம். “அப்புறம்?” மட்டும்தான். அதனால் எங்களுக்கு அவர் அப்புறக்கா. வீட்டில் சும்மா “அப்புறம்?” என்றாலே போதுமாம், கணவர் செய்யாத குற்றத்தையும் ஒப்புக்கொண்டுவிடுவாராம்.

அந்தச் சிறுமி வந்தது டியூஷன் மாஸ்டர் மேல் கொடுத்த புகாருக்காக. “மாஸ்டர் என்னை தினமும் பிரம்பால் அடித்தார்” என்று மூச்சு விடாமல் ஒப்பித்தாள். அக்கா அதட்டவில்லை. உனக்கே ஞாபகம் இருப்பதைச் சொன்னால் போதும், இல்லாததை விட்டுவிடு என்றார். குழந்தை கவுன் நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தாள். அக்கா அவசரப்படுத்தவில்லை. நான்தான் இருப்புக்கொள்ளாமல் தவித்தேன்.

“பிரம்பு இல்ல. காதைத் திருகுனாரு. ரூம்ல போட்டுப் பூட்டிட்டாரு. கதவுக்கு அடில அவரு செருப்பு தெரிஞ்சுது. அதையே பாத்துட்டு இருந்தேன்.”

“அப்புறம்?”

“செருப்பு போயிடுச்சு.”

வெளியே காத்திருந்த அம்மா, பிரம்பைப் பற்றி அக்கா கேட்டதுமே உடைந்துபோனார். மகள் பயத்தில் திக்கிவிடுவாளோ என்று இரண்டு நாளாகச் சொல்லிக்கொடுத்தாராம். “நானே கெடுத்துட்டேனா மேடம்?”

இதை வைத்தே எதிர்த்தரப்பு வக்கீல் எல்லாமே கட்டுக்கதை என்பார். கேஸ் நிற்காவிட்டால் மாஸ்டர் பழையபடி பாடம் நடத்துவார். அம்மா சொல்லிக்கொடுத்ததை எழுதாமல் விட்டால்தான் என்ன என்று என் மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

“மறைச்சா, அவ நிஜமாச் சொன்னதையும் யாரும் நம்ப மாட்டாங்கம்மா. நீங்க சொல்லிக்குடுத்தது எது, அவ சொன்னது எதுன்னு பிரிஞ்சு தெரியணும். உங்களுது எதுன்னு நீங்களே எழுதிக் குடுங்க” என்றார் அக்கா.

அம்மா பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார். அக்கா நெருங்கி உட்கார்ந்து, காகிதம் நகராதபடி இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.